டீச்சர் வீட்டுக் காலண்டர்

அந்த வருஷம் எங்கள் சந்தில் இரண்டு மாத இடைவெளிக்குள் ஆறு குழந்தைகள் பிறந்தன. ஆறுக்கும் காரணம் நான். ஒரு பெண்பிள்ளை இப்படிச் சொல்லிக்கொள்வது வேடிக்கையாக இருக்கும். ஆனால் சந்துப் பெண்கள் என் வீட்டு வாசலில் வந்து நின்று அப்படித்தான் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் தப்பும் இல்லை.

அறுபதுகளின் பின்பகுதி அது. காற்று திரும்பினால் தோல் பதனிடும் ஷாப்பு வாடை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் தூரத்தில், திண்டுக்கல்லில், கோயிலுக்குப் பின்னால் இருந்தது எங்கள் சந்து. கோயில் என்றால் எங்களுக்கு மாதா கோயில். இருபது வீடும் வேதக்கார வீடு. ஆண்கள் தோல் ஷாப்புக்கோ பூட்டுப் பட்டறைக்கோ போனார்கள். என் வீட்டுக்காரர் பட்டறையில் சாவிக்கு அரம் போடுகிறவர். நான் கோயில் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். எங்களுக்கு மூன்று பிள்ளைகள். சந்தில் மூன்றெல்லாம் ஒரு எண்ணிக்கையே இல்லை, அது வெறும் ஆரம்பம்.

குறைத்துப் பெற்றுக்கொள் என்று சர்க்கார் சொல்லிக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம். கொடுப்பதை வாங்கிக்கொள் என்று பங்குச் சாமியார் சொல்லிக்கொண்டிருந்தார். கோயிலுக்கு எதிர்ச் சுவரில் முக்கோணம் வரைந்துவிட்டுப் போவார்கள். சாமியார் ஆள் வைத்து அதன்மேல் சுண்ணாம்பு அடிப்பார். அடுத்த மாதம் மறுபடியும் முக்கோணம் வரும். எங்கள் பக்கத்தில் மழைக்கும் வெயிலுக்கும் அசையாமல் நின்ற சுவர் அது ஒன்றுதான், அம்புட்டுச் சுண்ணாம்பு.

சாமியார் நல்ல மனிதர். அதையும் சொல்லிவிட வேண்டும். கோழி வளர்த்தார். பிள்ளை பெற்ற வீட்டுக்கெல்லாம் முட்டை கொடுத்தனுப்புவார். பிரசங்கத்தில் ஏறினால் மட்டும் ஆள் மாறிவிடுவார். "பிள்ளைகள் சர்வேசுரன் கொடுக்கிற வரம். வரத்துக்குக் கதவைச் சாத்தாதீர்கள்" என்பார். வரங்களை வாங்கியவர்கள் பின்வரிசையில் மடியில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகத் தூங்கி வழிந்துகொண்டிருப்பார்கள். ஒரு குழந்தையின் இருமலுக்காகக்கூடத் தூக்கம் கெட்டுப் பழக்கமில்லாத மனிதர் அவர். பிள்ளை விஷயத்தில் அவருக்கு இருந்த தெளிவு எங்களில் ஒருத்திக்கும் வாய்க்கவில்லை.

இருந்தாலும் திருச்சபை எங்களுக்கென்று ஒரு வழியை விட்டுவைத்திருந்தது. நாள் பார்த்துப் புருஷனும் பெண்சாதியும் விலகியிருப்பது. மருந்து இல்லை, கருவி இல்லை, ஆகவே பாவமும் இல்லை. இதைச் சொல்லிக்கொடுக்கக் கன்னியர் மடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கலியாணமான பெண்களுக்கு மட்டும் வகுப்பு வைத்தார்கள். பாடம் எடுத்தவர் வெள்ளைக்கார சிஸ்டர். அதைத் தமிழில் சொன்னவர் நம்மூர் சிஸ்டர். வெள்ளைக்காரர் பச்சையாகச் சொன்னதை அப்படியே சொல்ல நம்மூர்க்காரருக்குக் கூச்சம். வயல் என்றார், ஈரம் என்றார், விதைப்பு என்றார். அகரத்துப் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருந்த ஒருத்தி எழுந்து, "எங்களுது கெணத்துப் பாசனம் சிஸ்டர், வருசம் பூரா ஈரந்தான்" என்றாள். சிஸ்டர் அத்துடன் ஜெபம் சொல்லி வகுப்பை முடித்துவிட்டார்.

நான் விடவில்லை. எல்லாரும் போன பிறகு சிஸ்டரைப் பிடித்துக் கேட்டேன். மாதவிலக்கு வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும், ஒவ்வொரு உடம்புக்கும் எண்ணிக்கை வேறு, சில மாதம் குறித்துப் பார்த்த பிறகே நம்பலாம் என்று அவர் தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தார். வீட்டுக்கு வந்து குறிக்க ஆரம்பித்தேன்.

சமையல்கட்டுச் சுவரில் கோயில் காலண்டர் தொங்கும். சந்தில் எல்லா வீட்டிலும் அதே காலண்டர்தான். திருநாள் வந்தால் சிவப்பு எழுத்து. வெள்ளிக்கிழமை வந்தால் ஒரு சின்ன மீன் படம், அதாவது அன்றைக்குச் சுத்தபோசனம், கறி தின்னக் கூடாது. நான் விலகியிருக்க வேண்டிய நாட்களின் மேல் நீலப் பென்சிலால் சின்னச் சிலுவை போட்டேன். என் வீட்டுக்காரர் காலையில் பல் விளக்கிய கையோடு காலண்டர் முன்னால் போய் நிற்பார். சிலுவையைப் பார்த்துவிட்டால் அன்றைக்குக் காப்பியில் சர்க்கரை போதவில்லை என்பார், சட்டைக்குப் பொத்தான் தைக்கவில்லை என்பார். மற்ற நாட்களில் பொத்தானே இல்லாவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாது.

அடுத்த வீட்டில் உபதேசியார் குடும்பம். சாமியாருக்கு அடுத்தபடி சந்துக்கு அவர்தான். பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பார், சாவு வீட்டில் ஜெபம் சொல்வார், எந்த நாள் எந்தத் திருநாள் என்று அறிவிப்பார். அவர் குடியிருந்த வீடு கோயில் கொடுத்தது. அவர் மனைவிக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு. ஏழு பிரசவம் ஆகி ஐந்து பிள்ளைகள் தங்கியிருந்தன. கடைசி இரண்டும் வயிற்றைக் கிழித்து எடுத்தவை. கடைசிப் பிரசவத்தின்போது நான்தான் கூட இருந்தேன். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா என்னையும் வைத்துக்கொண்டே அவளிடம் சொன்னார்: "இன்னொண்ணு உண்டாச்சுன்னா உன்னக் காப்பாத்துவேன்னு என்னால சொல்ல முடியாதும்மா. உண்டாகக் கூடாது, அவ்வளவுதான்."

எப்படி உண்டாகாமல் இருப்பது என்று அங்கே சொல்ல மாட்டார்கள். அதற்குப் பதிலாக ஜெபிப்பார்கள்.

மடத்து வகுப்புக்கு அவளால் வர முடியவில்லை. கடைக்குட்டிக்குக் காய்ச்சல். ஒரு நாள் புளி கேட்டு என் சமையல்கட்டுக்கு வந்தவள் காலண்டரைப் பார்த்தாள். "இதென்ன டீச்சரக்கா, நீலச் சிலுவ?"

எனக்குப் பள்ளிக்கூட மணி அடிக்கப் போகிற அவசரம். உலையில் அரிசி கொதிக்கிறது, மூத்தவன் சிலேட்டைக் காணோம் என்று அழுகிறான். "சிஸ்டர் சொன்ன நாளுத்தா. சிலுவ போட்ட நாள்ல ஒதுங்கிப் படுக்கணும், மத்த நாளுல பயமில்ல" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இது என் உடம்புக்கான எண்ணிக்கை, உன்னுடையது வேறு என்று இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பதை நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது தடவை சொல்லிக்கொடுக்கப் பொறுமை இருந்த எனக்கு, உயிர் போகிற விஷயத்தில் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்லப் பொறுமை இல்லை.

அவள் மேல் என்ன தப்பு? பிறந்ததிலிருந்து காலண்டரில் கண்ட நாளெல்லாம் எல்லாருக்கும் பொது. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என்று வருமா? வெள்ளிக்கிழமை மீன் என் வீட்டுக்கு மட்டுமா? சிஸ்டர் சொன்னது, கோயில் காலண்டரில் இருப்பது, அதுவும் சிலுவைக் குறி. சுத்தபோசனம் மாதிரி இதுவும் ஊருக்கே விதித்த நாள் என்று எடுத்துக்கொண்டாள். போய்த் தன் காலண்டரில் அதே நாட்களில் அதே சிலுவைகளைப் போட்டாள். உபதேசியார் மனைவி அல்லவா, தனக்குத் தெரிந்த நல்லதை ஒளித்து வைப்பாளா? நாலு வீட்டுக்குச் சொன்னாள். அந்த நாலு வீடு மற்ற வீடுகளுக்குச் சொன்னது.

அதற்குப் பிறகு மாதம் பிறந்தால் தவறாமல் புளி கேட்டு வந்தாள். இவள் வீட்டில் இம்புட்டுப் புளி எப்படிச் செலவாகிறது என்று நினைத்தேனே ஒழிய, அவள் கண் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை.

சந்து ஆண்களைப் பற்றியும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் சந்தின் பெரிய குடிகாரன்கூட வெள்ளிக்கிழமை கறியைத் தொட மாட்டான். அதே பக்தியோடு சிலுவை நாட்களிலும் நடந்துகொண்டார்கள். அந்த நாட்களில் சந்து முனையில் கயிற்றுக் கட்டில் வரிசையாக வந்துவிடும், ஆண்கள் வெளியில் படுத்துச் சிறுமலைக் காற்று வாங்குவார்கள். சிலுவை முடிந்ததும் கட்டில்கள் காணாமல் போகும். திருச்சபையே பயமில்லை என்று சொன்ன நாள், யாருக்காகப் பயப்பட வேண்டும்? அந்த நாலைந்து மாதம் எங்கள் சந்தில் புருஷன் பெண்சாதி சண்டையே கேட்கவில்லை. சாமியார் அது தன் தபசுகாலப் பிரசங்கத்தின் பலன் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு வாந்தி ஆரம்பித்தது. முதலில் தோல் ஷாப்புக்காரர் வீட்டில் ஒருத்தி, அப்புறம் அவள் எதிர்வீடு, அப்புறம் வரிசையாக. வாசலில் வந்து நின்றார்கள். "என்ன டீச்சர், நீங்க மட்டும் நல்லாருக்கீங்க? எங்களுக்கு மட்டும் ஏன் பலிக்கல?" என்றாள் ஒருத்தி. எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. இன்னொருத்தி தன் வீட்டுக் காலண்டரையே ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தாள். அதில் என் சிலுவைகள். ஒரு மாதம் நான் நாள் மாற்றிப் போட்டு அடித்துத் திருத்தியிருந்தேன். அந்த அடித்தலும் இருந்தது.

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அப்போதுதான் கூட்டத்துக்குப் பின்னால் உபதேசியார் மனைவியைப் பார்த்தேன். சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றாள், முகத்தில் ரத்தமே இல்லை. கூட்டம் கலைந்த பிறகு உள்ளே வந்து, "ஒரு நாளுகூடத் தப்பலக்கா. நீங்க போட்டபடியேதான் இருந்தோம்" என்றாள். என்னைக் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. தான் ஒழுங்காக இருந்தும் ஏன் இப்படி ஆயிற்று என்பது அவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. அவளை உட்கார வைத்து, ஆறு மாதத்துக்கு முன்னால் சொல்ல வேண்டிய அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். எனக்குச் செருப்பால் அடித்தது போல் இருந்தது.

அதற்கப்புறம் அவளை நான் விடவில்லை. சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த லேடி டாக்டர் வயிற்றுத் தழும்பைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினார், நான்தான் புருஷன் என்பது போல. "எப்படியும் வயித்தைத் திறக்கணும். அப்பவே, இனிமே கர்ப்பம் தரிக்காதபடி குழாயைக் கட்டிடுறேன். இன்னொரு தடவை இந்த வயிறு தாங்காது. புருஷன் கையெழுத்து மட்டும் வேணும்."

அவளுக்குச் சம்மதம். அவள் சம்மதம் யாருக்கும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது உபதேசியாரின் கையெழுத்து. உபதேசியார் சாமியாரிடம் போய்க் கேட்டார். பிள்ளையை வெட்டி எடுக்கலாம், குழாயைக் கட்டக் கூடாது, அது சாவான பாவம் என்று சாமியார் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு வழக்கத்தைவிட இரண்டு முட்டை அதிகமாகக் கொடுத்தனுப்பினார். கையெழுத்துப் போட்டால் உபதேசியாருக்கு வேலை போகும், வேலை போனால் வீடு போகும். போடாவிட்டால் மனைவி போவாள். இதில் எது பெரியது என்று மாதக்கணக்காக ஒரு மனிதர் யோசித்துக்கொண்டிருந்தார்.

நாள் நெருங்குமுன்னே வலி கண்டுவிட்டது. ஒரு மதியம் ஜட்காவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அறுவைக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகுமுன் அவள் என் முந்தானையைப் பிடித்தாள். "டீச்சரக்கா, கட்டச் சொல்லுங்கக்கா. இந்தத் தடவ பொழச்சாலும் அடுத்த தடவ பொழைக்க மாட்டேன். அஞ்சும் தெருவுல நிக்கும்." புருஷனும் பக்கத்தில்தான் நின்றார். அவரிடம் சொல்லாமல் என்னிடம் ஏன் சொன்னாள் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

நர்ஸ் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். உபதேசியார் வாங்கினார். முதலிலிருந்து கடைசிவரை படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு தாளை பெஞ்சின் மேல் வைத்து, பையிலிருந்து தன் மசிப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, பேனாவைத் தாளின் மேல் வைத்தார்.

"நான் கோயிலுக்குப் போய் ஒரு ஜெபமால சொல்லிட்டு வாரேன் டீச்சரம்மா. செத்த நேரம் ஆகும். நீங்க இருந்து பாத்துக்கங்க."

போய்விட்டார். ஏசுவைச் சாகக் கொடுத்துவிட்டுப் பிலாத்து கை கழுவினான், அவனுக்கு ஒரு செம்புத் தண்ணீராவது செலவாயிற்று.

அவர் மந்திர வகுப்புக்கு வந்து தினமும் எங்கள் பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போடுகிறவர். முதல் எழுத்தைப் பெரிதாகச் சுழித்து, கடைசி எழுத்தின் வாலை நீட்டி அடியில் ஒரு கோடு இழுப்பார். வருஷக்கணக்காகப் பார்த்த கையெழுத்து. பெஞ்சில் உட்கார்ந்து சுழித்தேன், நீட்டினேன், கோடும் இழுத்தேன். நர்ஸ் தாளையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போனாள். அந்த நர்ஸ் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

பெண் குழந்தை பிறந்தது. இரண்டு நாள் தாய்க்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டாள். நான் ஆஸ்பத்திரிக் குழாயடியில் போய் நின்று அழுதேன். ஜெபமாலையை முடித்துவிட்டு வந்த உபதேசியார் பேனாவை வாங்கிப் பையில் செருகிக்கொண்டார். அன்றைக்கும் ஒன்றும் கேட்கவில்லை, பிறகு என்றைக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

மற்ற ஐந்து பிள்ளைகளும் சுகமாகப் பிறந்தன. நிலக்கோட்டை மல்லிகை வாங்கிக் கட்டி ஒவ்வொரு ஞானஸ்நானமும் அமர்க்களமாக நடந்தது. மூன்று வீட்டில் நான்தான் ஞானத்தாய். வேறு யாரைப் போடுவார்கள்? அதன் பிறகு பெண்களை ஒவ்வொருத்தியாக உட்கார வைத்து, அவரவர் உடம்புக்கு அவரவர் எண்ணிக்கை என்று ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தேன். சிலருக்குப் பலித்தது, சிலருக்குப் பலிக்கவில்லை. பலிக்காதவர்கள் என்னை நன்றாகவே வைதார்கள்.

ஒரு வருஷம் போயிற்று, இரண்டாவதும் போயிற்று. உபதேசியார் வீட்டில் தொட்டில் கட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமியார் பிரசங்கத்தில், ஆஸ்பத்திரிக் கத்தியைத் தேடிப் போகாமல் திருச்சபை காட்டிய வழியில், தபசினாலும் கட்டுப்பாட்டினாலும் குடும்பம் நடத்துகிறவர்கள் நம் நடுவிலேயே இருக்கிறார்கள் என்றார். பெயர் சொல்லவில்லை. எல்லாத் தலையும் உபதேசியார் பக்கம் திரும்பியது. அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். காது சிவக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். சிவக்கவில்லை. நன்மை, அதாவது சாமியார் நாக்கில் அப்பம் வைக்கும் நேரம் வந்ததும், முதல் ஆளாகப் பீடத்துக் கிராதியில் முழங்காலிட்டு நாக்கை நீட்டினார்.

எனக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? அந்தக் கள்ளக் கையெழுத்தை நானும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் காதில் சொல்லியிருந்தேன். எப்படிச் சொன்னேன்? பிள்ளைகளை அடித்தேன், ஜெபமாலை சொல்லாமல் தூங்கினேன், ஒரு தாளில் இன்னொருத்தர் கையெழுத்தைப் போட்டேன், மாமியாரிடம் கோபப்பட்டேன். சாமியார் என்ன தாள் என்று கேட்கவில்லை. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு நானும் போய் நாக்கை நீட்டினேன்.

அவள் மட்டும் போகவில்லை. சில மாதம் கழித்துத்தான் அது என் கண்ணில் பட்டது. ஞாயிறு பூசைக்குக் கிளம்புமுன் வாசலில் நின்று, போகிற வருகிற எல்லாரும் பார்க்க ஒரு டம்ளர் காப்பி குடிப்பாள். கோயில் இருப்பதோ சந்துக்கு முன்னால், எட்டிவைத்தால் வந்துவிடும். வயிற்றில் காப்பியோடு நன்மை வாங்கக் கூடாது. எல்லாரும் கிராதிக்குப் போகும்போது அவள் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பாள். "உபதேசியார் பெஞ்சாதிக்கு இம்புட்டு நேரம்கூடக் காப்பி குடிக்காம இருக்க முடியலயாம்" என்று சந்தில் இளக்காரமாகப் பேசினார்கள். அடுத்த ஞாயிறும் அவள் டம்ளரோடு வாசலில் வந்து நின்றாள்.

ஒரு ஞாயிறு அவள் வாசலில் போய்க் கேட்டேன். "ஏத்தா, பூச முடிஞ்சு வந்து குடிச்சா ஆகாதா? ஊரெல்லாம் பேசுது."

உள்ளே கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேங்க்கா. கட்டிக்கிட்டேன்னு சாமிகிட்ட சொல்லிட்டேன். கையெழுத்து யாரு போட்டதுன்னு சொல்லல."

சாமியார் சமீபமாக அந்த ஆஸ்பத்திரிக் கத்திப் பிரசங்கத்தையே எடுப்பதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "சாமி என்ன சொன்னாரு?" என்றேன்.

"செஞ்சதுக்கு மனசார வருத்தப்படுறேன்னு சொல்லும்மா, பாவம் பொறுக்கிறேன், நன்மையும் வாங்கலாம், அதோட முடிஞ்சதுன்னாரு. கெஞ்சுற மாதிரிதான் கேட்டாரு." கையிலிருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எனக்கு வருத்தமா இல்லயேக்கா. அஞ்சையும் பாக்குறேன், இந்தச் சின்னதையும் பாக்குறேன். வருத்தமே வர மாட்டேங்குது. வராததை வந்துச்சுன்னு சாமிகிட்டப் போய்ச் சொல்ல முடியுமா?"

நானும் சாமியாரும் அவள் புருஷனும் மாற்றி மாற்றிச் சொல்லிவந்ததையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

இரண்டாம் மணி அடித்தது. அவள் மீதிக் காப்பியைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பூசைக்குக் கிளம்பினாள்.